கடலுக்குப் போயிருந்த கைல்

எங்கள் தெருவில் வெயிலுக்கு அசராத வீடு ஒன்றே ஒன்றுதான். ரைன்ஹோல்ட் கைலின் வீடு. மனிதர் முப்பத்திரண்டு வருடம் வீடுகளுக்குக் காற்றோட்டக் குழாய் மாட்டியவர். ஜெர்மனியில் எங்கள் டார்ம்ஸ்டாட் நகரைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக்கும் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் ஜன்னல் திறக்க வேண்டியதில்லை. நிலவறையில் ஒரு பெட்டி இருக்கிறது. வெளியே போகிற காற்றும் உள்ளே வருகிற காற்றும் அதற்குள் மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒன்றோடொன்று கலக்காமல் கடந்துபோகும். குளிர்காலத்தில் போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றிடம் கொடுத்துவிட்டுப் போகும். கோடையில் தலைகீழ், வருகிற அனல்தான் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ராத்திரி வெளியே குளிர்ந்துவிட்டால் பெட்டிக்குள் ஒரு மூடி தானாகத் திறந்து குளிர்காற்றை நேராக உள்ளே விடும். பகலில் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஷட்டரை இறக்கிவிட்டால் போதும், வெளியே முப்பத்தேழு டிகிரி கொளுத்தினாலும் உள்ளே இருபத்துநான்கு. பெட்டி ஓடுவது காதில் விழுந்தால் மாட்டியவன் வேலை தெரியாதவன் என்பது கைலின் கட்சி. அவர் வீட்டில் விழாது.

பக்கத்து வீடு கெர்லிண்ட ரோதர்மெல் அம்மாளுடையது. எழுபத்தோரு வயது, பழைய செங்கல் வீடு, ஓட்டுக்கு அடியிலேயே படுக்கையறை. முப்பது வருடப் பழக்கம் இருந்தும் இருவரும் ஒருவருக்கொருவர் ஹெர், ஃப்ராவ்தான், அதாவது திரு, திருமதி. அதில் ஒரு குறையும் யாருக்கும் தெரிந்ததில்லை. அம்மாளின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஜூனில் வேலியோரம் நடந்த பேச்சைச் சொன்னால் போதும். எதிர்வீட்டுக்காரன் நான், என் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தேன்.

"என்ன ஹெர் கைல், ஃபிளாஸ்க்குக்குள்ள குளுகுளுன்னு இருக்கா?"

"இருபத்திமூணு. உங்க வீட்ல?"

"எங்க வீட்ல ஜன்னல் இருக்கு. திறந்தா காத்து வரும், குருவிச் சத்தம் வரும், நாலு வீட்டு வம்பு வரும். ஃபிளாஸ்க்ல அதெல்லாம் வருமா?"

"பகல்ல ஜன்னலைத் திறக்கிறது வெயிலை விருந்துக்குக் கூப்பிடற மாதிரி. நாப்பது தடவை சொல்லியாச்சு."

"நாப்பத்தோரு தடவை. அது கிடக்கட்டும், கடலுக்குப் போறீங்கல்ல, வழக்கம்போல?"

கைலின் மனைவி ஹைட்ரூன் நவம்பரில் இறந்துபோயிருந்தாள். ஜூலை மூன்றாவது சனிக்கிழமை பால்டிக் கடற்கரைக்குக் கிளம்பி இரண்டு வாரம் கழித்துத் திரும்புவது அவர்களுக்கு இருபத்தாறு வருட வழக்கம். தக்காளித் தொட்டிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது ரோதர்மெல் அம்மாளின் பொறுப்பு. சாவி ஒன்றும் அவளிடம் இருக்கும். கைல் வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"போயிட்டு வாங்க, மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்றேன்.

"போகாம?" என்றார் கைல்.

சொன்னபடி சனிக்கிழமை காலை பெட்டியைக் காரில் வைத்துக் கிளம்பவும் செய்தார். நான் கையசைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே கேட்டது.

கீசன் நகருக்கு முன்னால் நெடுஞ்சாலையோர உணவு விடுதி ஒன்றில் வண்டியை நிறுத்தி ஒரு சாசேஜ் வாங்கியிருக்கிறார். கடற்கரையில் இருவர் உட்காரும் பிரம்புக் கூடை நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று ஹைட்ரூனோடு இருபத்தாறு வருடமும் முதல் நாள் சண்டை நடக்கும். காற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும் என்பார் இவர், கடலைப் பார்க்க வேண்டும் என்பாள் அவள். இந்த வருடம் எந்தப் பக்கம் போட்டாலும் கேட்க ஆளில்லை. அதை நினைத்ததும் சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. எல்லார் வீட்டு ஷட்டரும் வெயிலுக்கு இறங்கியிருந்தது. காரை ஷெட்டுக்குள் விட்டுக் கதவை மூடி, அதன் உள்வாசல் வழியாக வீட்டுக்குள் போய்விட்டார். நாலு மணிக்கு அம்மாள் தண்ணீர் ஊற்ற வரும்போது எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் என்று எண்ணம்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வது? பாதி வழியில் அழுகை வந்து திரும்பிவிட்டேன் என்றா? அறுபத்தொன்பது வயது ஆள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது, நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டதால். மூன்றாம் நாள் அவள் தபால் பெட்டியிலிருந்து அவருடைய செய்தித்தாள்களையும் எடுத்துப் பத்திரப்படுத்த ஆரம்பித்தாள். அதோடு முடிந்தது, சொந்த வீட்டிலேயே ஒளிந்திருக்கிற ஆளாகிவிட்டார்.

ஒரே ஒரு பயம்தான் அவருக்கு, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. சாயங்காலம் விளக்குப் போடவில்லை. டெலிபோனை எடுக்கவில்லை. அம்மாள் தோட்டத்தில் இருக்கிற நேரம் குழாயைத் திறக்கவில்லை. ஊருக்குப் போவதற்காகக் குளிர்பெட்டியைக் காலி செய்து துடைத்துவைத்திருந்தார். ஆகவே உருளைக்கிழங்கு, வெங்காயம், டப்பாவில் அடைத்த பருப்பு சூப், மொறுமொறு ரொட்டி. காபி மட்டும் இருந்தது. காலை ஏழுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று, அதை மட்டும் விடவில்லை.

அந்த ஒன்பது நாளும் வெளியே அப்படியொரு வெயில். உள்ளே இருபத்துநான்கு, ஒரு நாள் இருபத்துநாலரை. அவர் வேலைக்கு யாரும் நற்சான்று தர வேண்டியதில்லை. ஆனால் ஜன்னலில் மூன்றடுக்குக் கண்ணாடி, கதவில் இடுக்கில்லை, ஒரு குருவிச் சத்தம்கூட உள்ளே வராது. ஹைட்ரூன் இருந்தபோது அந்த அமைதியை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் அவள் பேசிக்கொண்டே இருந்ததால் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. ஆறாம் நாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காதை ஒட்டிவைத்தால் லேசாக ஒரு முனகல் கேட்டது. இரண்டு நாள் அங்கேயேதான் சாப்பிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் காபி டப்பாவுக்குள் கரண்டியை விட்டால் அடியில் இடித்தது, தூள் தீர்ந்திருந்தது. இந்த ஊரில் ஞாயிறு என்றால் கடையெல்லாம் மூடியிருக்கும், திறந்திருந்தாலும் போக முடியாது. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். பகல் முழுக்க பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கூடத்தில் ஹைட்ரூனின் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நாலேகாலுக்கு வாசல் கதவில் சாவி திரும்பியது. எழுந்திருக்கக்கூட நேரமில்லை.

"ஹெர் கைல்!" அம்மாளின் குரல் நடுங்கியது. "ஹெர் கைல், எங்க இருக்கீங்க?"

கூடத்துக்கு வந்து அவரைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது.

"உயிரோட இருக்கீங்க" என்றாள், அது ஒரு குற்றம் என்பது போல.

"நான்... நேத்துதான் திரும்பி..."

"புளுகாதீங்க. காலையில காபி வாசனை வரல. சரி, ஞாயித்துக்கிழமை, தூங்கறார்னு நினைச்சேன். நாலு மணிக்கும் வரல. கால் மணி நேரம் அந்தத் தொட்டி பக்கத்துலயே மூக்கை வச்சுக்கிட்டு நின்னேன். விழுந்து கிடக்கறீங்கன்னே முடிவு பண்ணிட்டேன்."

"எங்கேருந்து வாசனை?"

"என்னைக் கேக்கறீங்க? சுவத்துல சல்லடை மாதிரி ஒண்ணு மாட்டிவச்சிருக்கீங்களே, தக்காளிக்கு மேல. அதுலேருந்துதான். தினம் ரெண்டு வேளை காபி. புதன்கிழமை வெங்காயத்தைக் கருக்கிட்டீங்க. மொத நாள் திருடன்னு நினைச்சேன். திருடன் எவனும் கரெக்டா நாலு மணிக்குக் காபி போட மாட்டான்."

கைலுக்கு உடம்பெல்லாம் கூசியது. சமையலறைக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளத்தானே அந்தக் குழாய். அளந்து, வளைத்து, சுவரைத் துளைத்து அவர் கையாலேயே மாட்டியது. ஜன்னலையும் கதவையும் ஷட்டரையும் விளக்கையும் யோசித்த மனிதருக்கு, முப்பத்திரண்டு வருடம் சோறு போட்ட குழாய் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப மொத நாளே தெரியும்" என்றார்.

"தெரியும்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஊர்ல இல்லைன்னு இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க. ஊர்ல இல்லாதவர்கிட்ட நான் எப்படிப் பேசறது? தண்ணி ஊத்தினேன், மோந்து பாத்தேன், போனேன்."

அவர் வாயைத் திறந்தார். "என்னால போக முடியல, ஃப்ராவ் ரோதர்மெல். கீசன் வரைக்கும்தான் முடிஞ்சது."

அவள் சுற்றிலும் பார்த்தாள், கழுத்தில் போட்டிருந்த ஈரத்துண்டை எடுத்தாள்.

"இங்க எவ்வளவு?"

"இருபத்திநாலு."

"என் படுக்கையறையில ராத்திரி முப்பத்திமூணு. ஒரு வாரமா கண்ணு மூடல. அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன், ஆட்சேபணை இல்லையே?"

தெருவிலேயே குளிர்ச்சியான வீட்டைப் பூட்டிக்கொண்டு இவர் உள்ளே இருக்க, எழுபத்தோரு வயதுக் கிழவி தினம் இரண்டு வேளை அந்த வெயிலில் நின்று இவருடைய பொய்க்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வெட்கமென்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்ததாம் அவருக்கு. கீசனில் அழுததற்குப் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். மேலே போய்ச் சட்டை மாட்டிக்கொள்ளலாம்தான். படி கிறீச்சிட்டு அவள் விழித்துவிடுவாளோ என்று போகவில்லை. லேசாகக் குறட்டை விட்டாள். அந்த வீட்டில் அது நன்றாகக் கேட்கும். நவம்பருக்குப் பிறகு அங்கே இன்னொரு ஆள் மூச்சு விடுவதை அன்றைக்குத்தான் கேட்டார். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், அழுததாகவும், எதற்கென்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

ஐந்தரை மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. ஒன்பது நாளாக எதிரே இறங்கிக் கிடந்த ஷட்டரைப் பார்த்து, கொடுத்துவைத்த மனிதர், கடல்காற்று வாங்குகிறார் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். கதவைத் திறந்தால் கைல் நிற்கிறார். பனியன், அரைக்கால் சட்டை, வெறும் கால். எதிர்வரிசையில் இரண்டு பேர் வாசலில் நின்று வெளிப்படையாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காபித்தூள் இருக்குமா? கொஞ்சம் போதும்."

"நீங்க கடலுக்குப் போகலையா?"

"போகல" என்றார், ரகசியம் பேசுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தி. "சீக்கிரம் குடுங்க. வீட்ல ஆள் இருக்காங்க, முழிச்சுக்குவாங்க."