மாப்பிள்ளைப் பாம்பின் பட்டினி

பாம்பென்றால் எனக்குப் பயமில்லை என்று நான் சொன்னது ஓர் அறைக்காகத்தான். எண்பதுகளின் நடுவில் சுவிஸ் நாட்டு லோசானில் எங்களைப் போன்ற அகதிகளுக்கு வீட்டில் அறை கொடுக்க ஆளில்லை. இந்த வீட்டுக்காரர் தனியாள், தபால்காரர். இரண்டு அறைகளைக் காட்டிவிட்டு மூன்றாவது அறையையும் திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கைப் பருமனில் ஓர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. எனக்கு முன் அறை பார்க்க வந்த இருவரும் அந்த வாசலிலேயே விடைபெற்றார்களாம். நானோ, ஊரில் பாம்புகளோடுதான் வளர்ந்தேன் என்று அரைகுறைப் பிரெஞ்சில் அளந்தேன். சாரைப்பாம்பைக் கண்டு வேலி பாய்ந்த கதையைச் சொல்ல எனக்கு அந்த மொழியில் போதிய சொற்கள் இல்லை.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் அண்ணை ஒருவரும் என்னோடு குடியேறினார். நான் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வீட்டுக்காரர் முதுகு ஆபரேஷனுக்குப் போகும்வரை.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வரமாட்டேன், பாம்பு உன் பொறுப்பு என்றார். அது ஆண்பாம்பு. குளிர்காலம் முழுக்க அதை ஜெனீவாவில் ஒரு நண்பரின் பெண்பாம்போடு சோடி சேர்த்து வைத்திருந்தாராம். அந்த மூன்று மாதமும் மாப்பிள்ளை ஒன்றும் தின்னவில்லை. அது வழக்கம்தான், ஆனால் இனித் தின்னத் தொடங்க வேண்டும், இதற்கு மேல் மெலிந்தால் பிழைக்காது என்றார். உறைபெட்டியில் எலிகள் இருந்தன. கிழமைக்கு ஒன்றை வெந்நீரில் இளக்கி வெள்ளிக்கிழமை வைக்க வேண்டும். சனிக்கிழமை பாம்பை நிறுக்க வேண்டும். நான் தலையாட்டினேன். பாம்பு செத்தால் அறை போய்விடும் என்ற கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை எலியைக் கையில் எடுத்தபோது அண்ணை குறுக்கே நின்றார். அவருக்குப் பாம்பென்றால் தெய்வம்.

"வெள்ளிக்கிழமை நாகதம்பிரானுக்கு எலியோ? உனக்கென்ன விசரே?"

"அண்ணை, இது ஆப்பிரிக்கப் பாம்பு."

"பாம்பில என்ன ஆப்பிரிக்கா, யாழ்ப்பாணம்? எலியை நாளைக்கு வை."

அன்று பாம்புக்குப் பாலும் பச்சை முட்டையும் படைக்கப்பட்டன. சாம்பிராணி போட்டார். புகை மண்டியதும் இருமிக்கொண்டு நானே ஜன்னலைத் திறந்துவிட்டேன். மாசி மாதக் குளிர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. பாம்பு தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டது.

"வெக்கப்படுது," என்றார் அண்ணை.

சனிக்கிழமை வைத்த எலி ஞாயிறும் அப்படியே கிடந்தது. அண்ணை சொல்லி, அடுத்த வெள்ளி எங்களைப் போன்ற அகதிகள் ஏழு பேர் கும்பிட வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் இங்கே தங்க பெர்மிற் கிடைக்குமா என்ற கவலை. ஆளுக்கொரு பூவோடு வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தம்பிரான் முகத்தைத் திருப்பவில்லையென்றால் மோதிர விரலால் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டினார்கள். நிறுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டே போனது. முதுகெலும்பு கூரைபோல் எழும்பத் தொடங்கிவிட்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோப்பை கழுவும்போது தண்ணீர்க் குழாயும் பாம்பாகத் தெரிந்தது. இடைவேளையில் ஓடி வந்து பார்ப்பேன். பாம்பு அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதோ என்று குச்சியால் தொடுவேன். அசைந்தால் பசியோ என்று எலியை மூக்கருகே ஆட்டுவேன். வேலைக்குத் திரும்பியதும், போனதடவை சரியாகப் பார்க்கவில்லையோ என்று சந்தேகம் வரும்.

பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். சாம்பிராணியை விளக்கத்தான் நேரமெடுத்தது. அவர் கத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றார். பன்னிரண்டு என்றேன். மற்ற நாட்களில்? நான் மட்டும்தான் என்றேன் பெருமையாக. எத்தனை தடவை என்று கேட்டார். எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடியவில்லை.

அது பயந்த பிராணி, பார்க்க ஆளிருந்தால் தின்னாது என்றார். ஜன்னலை மூடு, பெட்டியைப் போர்வையால் மூடு, ஒரு கிழமை திறக்காதே, பிறகு எலியை வைத்துவிட்டு அங்கிருந்து போய்விடு. தம்பிரானைப் பட்டினியில் சாகவிடுவது பாவம் என்று அண்ணையும் ஒத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நான்தான் காவல் நின்றேன். வந்தவனுக்குச் செவ்வாய்க்கிழமை அகதி விசாரணை.

"அண்ணை, ஒருக்கா முகத்தை மட்டும் பாத்திட்டுப் போறன்."

"ஏலாது, தம்பி. அவர் விரதம்."

"பாம்புக்கோ?"

"ஓம். மௌன விரதம். ஆக்களைப் பாக்கமாட்டார்."

"மௌனமோ? இதுக்கு முதல் என்ன கதைச்சவர்?"

அவன் மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போனான். பாவமாக இருந்தது. கூப்பிட்டுக் காட்டிவிடுவோமா என்று படிவரைக்கும் போய்த் திரும்பினேன்.

மற்றவர்களைத் துரத்தலாம், என்னை யார் துரத்துவது? போர்வை போட்ட முதல் நாளே அதன் நுனியை மூன்று தடவை தூக்கிவிட்டேன். நாலாம் தடவை அண்ணை பிடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அறையைப் பூட்டி, திறப்பைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை எலியை வைத்ததும் என் மேற்கோட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"நீ நிண்டால் அது தின்னாது. போ, எங்கையாவது போ. பின்னேரம் வா."

மெட்ரோவில் ஏரிக்கரைக்கு இறங்கினேன். அன்னங்களைப் பார்த்தேன். அவை ரொட்டியை அடித்துப்பிடித்துத் தின்றதைக் காண எரிச்சலாக இருந்தது. மேலே வந்தேன், பஸ் பிடித்தேன், கடைசித் தரிப்பில் இறங்கி அதே பஸ்ஸில் திரும்பினேன். எதிரில் இருந்த மூதாட்டி, வழி தவறிவிட்டாயா என்று அன்பாகக் கேட்டார். வீட்டில் பாம்பு சாப்பிடுகிறது, அதனால் வெளியில் நிற்கிறேன் என்றேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்கிக்கொண்டார்.

நான்கு மணிக்கு வந்தபோது அண்ணை அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இருவருமாக உள்ளே போய்ப் போர்வையை விரலளவு விலக்கினோம். எலியைக் காணவில்லை.

"அண்ணை, நீங்கள் எடுத்து எறிஞ்சனீங்களோ?"

"நான் எலியைத் தொடுவனோடா! அங்கை பார்."

பாம்பின் நடு உடம்பில் ஒரு புடைப்பு இருந்தது. அண்ணையின் கைகள் குவிந்துகொண்டன. நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் பாம்பு இன்னும் இரண்டு எலிகளைத் தின்றிருந்தது. அந்த இரண்டு சனிக்கிழமைகளும் நான் பஸ்ஸில்தான் இருந்தேன். பாம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்றேன். அவர் அதைப் பணிவென்று எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார். நானும் மறுக்கவில்லை. அறை வேண்டுமே.