இரண்டு ஓரமும் கறுப்பு

கடலூர் வீட்டுக்கு ஹெச்டி டிவி வந்த வருஷம், அதற்குத் தோதாக சிதம்பரத்தில் ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். மலிவானதுதான். ஆனால் சாதாரண டிவிடியையும் ஹெச்டி மாதிரி காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. முதலில் போட்டது என் கல்யாண டிவிடி. படம் பளிச்சென்று வந்தது. ஆனால் பழைய டிவிக்காக எடுத்த படத்தை அந்தப் பிளேயர் அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பியிருந்தது. மேடையில் இருந்த அத்தனை பேரும் பூசணிக்காய்.

செட்டிங்கைத் தோண்டிச் சரிசெய்தேன். ஆட்கள் பழையபடி ஆனார்கள், திரையின் இரண்டு ஓரமும் கறுப்பானது.

"இவ்ளோ பெரிய டிவிய வாங்கி ரெண்டு பக்கமும் துணி கட்டி உட்ட மாதிரி இருக்கு. முழுசா வைடா," என்றாள் அம்மா. தங்கையின் கணவரான மச்சானும் அவள் கட்சி. நான் மசியவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர்களை அப்படிப் பார்க்க நான் தயாராக இல்லை.

கரண்ட் போய் வந்தால் பிளேயர் எல்லாவற்றையும் மறந்துவிடும். கரண்ட் போகாத நாளே அப்போது கிடையாது. ஒவ்வொரு தடவையும் விடாமல் மாற்றுவேன். அம்மாவும் விடாமல் முணுமுணுப்பாள்.

அப்பா இறந்த பிறகு ஒருநாள் அம்மா அந்த டிவிடியைக் கேட்டாள். மண்டப வாசலில் கும்பிட்டபடி அப்பா திரை நிறைய நின்றார். அன்றைக்கு மட்டும் சண்டை வேண்டாம் என்று ரிமோட்டைத் தொடாமல் இருந்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யார்டா இது? அவரு ஒல்லிடா. அந்தக் கறுப்ப வை."