வலன்ரைன் பார்க்காமல் சொன்ன படங்கள்

கொட்டாஞ்சேனையில் படப்பைத்தியங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வலன்ரைனுக்கு இருந்ததைப் பைத்தியம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். மனிதர் துறைமுகத்தில் வாஃப் கிளாக். கப்பலில் வந்த சாமானைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுக்கிற வேலையில் தலை நரைக்கும்வரை ஓடித் திரிந்து ஓய்வெடுத்தவர். குடி இல்லை, புகை இல்லை, சீட்டாட்டம் இல்லை. புதுப் படம் வந்தால் மட்டும் கால் தரையில் நிற்காது. மனைவி யோசெப்பினைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வெள்ளவத்தைத் தியேட்டருக்குப் போய் நடு வரிசையில் உட்கார்ந்துவிடுவார். படம் நல்லதோ கூடாததோ, கடைசி எழுத்து ஓடி முடியும்வரை எழும்ப மாட்டார். முன்னால் எழும்பி மறைக்கிறவர்களை முறைத்துப் பார்ப்பார்.

யோசெப்பினும் லேசுப்பட்டவள் இல்லை. குருநகர்ப் பெண். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து, பெற்ற ஒரே மகள் லவினா இத்தாலிக்குப் போய்க் குடும்பமாகிவிட்ட பிறகும், அவள் தன் யாழ்ப்பாணப் பேச்சை விடவில்லை. படத்தைப் பற்றித் தான் சொன்ன தீர்ப்பையும் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்தின் கடைசி நாள் பின்னேரம், நன்றிப் பூசைக்கு உடுப்பு மாற்றுவதற்கு முன், இருவரும் முன்னறையில் இருந்து அந்த வருடத்தில் தங்களுக்குப் பிடித்த மூன்று படங்களைச் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நிலாம், வலன்ரைனின் பள்ளிக்கூடக் கூட்டாளி, கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலாப்பத்தோடு வந்து நடுவராக இருப்பார். நடுவர் என்று பேர்தான், தன்னுடைய மூன்றையும் சொல்லிச் சண்டையில் இறங்கிவிடுவார். வலன்ரைன் கமரா வேலையைப் பார்த்துப் படத்தைத் தெரிவு செய்வார். யோசெப்பின், வீட்டுக்கு வந்த பிறகும் நெஞ்சுக்குள் எது கிடந்து உழலுகிறதோ அதைத் தெரிவு செய்வாள். ஒரு வருடம் இரண்டாவது இடத்துக்கு வந்த சண்டையில், பூசை முடிந்து வந்தும் கேக் வெட்டாமல் படுத்துவிட்டாள். அடுத்த நாள் காலையில் வலன்ரைன் தன் இரண்டாவதை மூன்றாவதாக்கிய பிறகுதான் வீட்டில் தேத்தண்ணி கொதித்தது.

அப்படிப்பட்ட வீட்டில், போன வருடத் தொடக்கத்தில் யோசெப்பினுக்குக் கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ், அளந்த தண்ணீர், உப்பில்லாச் சோறு. வலன்ரைன் எதையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் முழந்தாளில் நின்றார்.

நேர்த்தி வைக்கிறவர்கள் தங்களுக்கு நோகிற எதையாவது விடுவதாகச் சொல்ல வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே அவர் கேட்டு வளர்ந்தவர். சாராயத்தை விடுகிறேன் என்கிறான் ஒருவன், இறைச்சியை விடுகிறேன் என்கிறான் இன்னொருவன். இவரிடம் விட என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்று. இந்த வருடம் முடியும்வரை ஒரு படமும் பார்க்க மாட்டேன், அவளை மட்டும் எனக்கு விட்டுவிடும் என்று சொல்லிவிட்டு எழும்பினார். வாயில் வந்துவிட்டது, இனித் திருப்பி எடுக்க முடியாது. நேர்த்தியை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பதும் தாயார் சொல்லி வைத்தது. அதனால் யோசெப்பினிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் கிழமையே வந்தது வினை. டயலிசிஸ் முடிந்து குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த யோசெப்பின், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"இஞ்சருங்கோ, என்னால இனித் தியேட்டரில இருக்க ஏலாது. நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து ஒண்டும் விடாமச் சொல்லோணும். நான் கேட்டுப் பாக்கிறன்."

ஐயோ பாவம் மனிதர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஓம் என்று சொல்லவும் வழியில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

டெலிவிசனில், போனில் அவள் படம் பார்க்க மாட்டாள். சின்னத் திரையைப் பார்த்தால் தலை இடிக்கும், விளம்பரம் வந்தால் கோபமும் வரும். ஆகவே சனிக்கிழமை மத்தியானம் வலன்ரைன் வழக்கம்போல இஸ்திரி போட்ட சட்டையோடு புறப்பட்டார். வெள்ளவத்தையில் இறங்கினார். தியேட்டர்ப் பக்கம் திரும்பாமல் நேரே இறங்கி, ரயில் பாதையைக் கடந்து, கடலோரக் கல்லில் குந்தினார். ஒரு படம் ஓடுகிற நேரம் அந்த வெயிலில் இருந்து, கேற் மூடுவதையும் ரயில் போவதையும் பார்த்துக்கொண்டு ஒரு கதை கட்டினார். வீட்டுக்கு வந்து, ரயில் கடவையில் கேற் மூடுகிறவன் ஒருவனுடைய படத்தை யோசெப்பினுக்குச் சொன்னார். பாட்டு எங்கே என்று கேட்டாள். இரண்டு பாட்டு என்று சொல்லித் தானே மெட்டுப் போட்டு முனகினார். பாட்டுச் சரியில்லை, படம் பரவாயில்லை என்றாள்.

பிறகு அது தொடர்ந்தது. துறைமுகத்தில் கண்டதெல்லாம் படமாகியது. பொருட்காட்சிக்கு வந்த யானை ஒன்று கொள்கலனோடு சுங்கத்தில் மாட்டிக்கொள்ள, கையெழுத்துப் போட ஒரு அதிகாரியும் முன்வராத கதையைக் கேட்டு யோசெப்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீரில்லாத தீவு ஒன்றில் ஒரு குடும்பம் கிணறு வெட்டுகிற படத்தைச் சொன்னபோது, முதல் பாதி முழுக்க வெறும் கல்லும் புழுதியும்தான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அடியிலிருந்து ஊற்றுக் கிளம்பி, வெட்டினவனுடைய முழங்கால் நனைகிறது. வாயில் ஐஸ் கட்டி ஒன்றை வைத்துச் சப்பிக்கொண்டிருந்த யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு செம்பு தண்ணி குடித்த மாதிரி இருக்கிறது என்றாள்.

யார் நடித்தது என்று கேட்டால் புதுமுகங்கள் என்பார். இந்த வருடம் என்ன இவ்வளவு புதுமுகம் என்று அவள் ஆச்சரியப்பட்டாள். சினிமா மாறிவிட்டது என்று சமாளித்தார்.

ஒருநாள் நிலாம் பார்க்க வந்திருந்தபோது அவள் நேரே கேட்டுவிட்டாள், கிணற்றுப் படம் பார்த்தீர்களா என்று. நிலாம் ஒரு படத்தையும் விடாதவர். அப்படி ஒரு படம் வரவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், வலன்ரைனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, பார்த்தேன், நல்ல படம், முதல் பாதி கொஞ்சம் இழுவை என்றார். இழுவையா என்று யோசெப்பின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இல்லாத படத்துக்காக இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். அவ்வளவு உற்சாகமாக அவளைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

படியிறங்கும்போது நிலாம் வலன்ரைனின் கையைப் பிடித்து நிறுத்தினார். வேறு வழியில்லாமல் நேர்த்தியின் கதை வெளியே வந்தது. நிலாம் சிரிக்கவில்லை. தான் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வதாகவும், அதை வலன்ரைன் அவளுக்குச் சொல்லலாம் என்றும் யோசனை சொன்னார். காதால் கேட்டால் அதுவும் பார்த்ததுதானே என்று வலன்ரைன் தயங்கினார். தெருவில் நின்று ஒரு கத்தோலிக்கனும் ஒரு முஸ்லிமும் அந்தோனியாருடைய சட்டதிட்டத்தை விவாதித்தார்கள். முடிவு வரவில்லை.

"மச்சான், ஒண்டு செல்லட்டா?" என்றார் நிலாம் கடைசியில். "நீங்க விட்டது ஒங்கட சாமான் இல்ல. அது அவவுட சாமான்."

அந்தப் பேச்சு வலன்ரைனைக் குத்திவிட்டது. உண்மைதானே? தியேட்டரில் படத்தைப் பார்த்தது அவர், அதை வீட்டில் வைத்துக் கிழமைக்கணக்காக அனுபவித்தது அவள். தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, படுக்கையில் கிடப்பவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் அவளைக் கேட்காமலே எடுத்து அந்தோனியாருக்குக் கொடுத்துவிட்டார். இரவெல்லாம் அதையே நினைத்து, விடிந்ததும் பங்குச் சுவாமியாரிடம் ஓடினார். சுவாமியார் பொறுமையாகக் கேட்டார். கடவுள் சுங்க அதிகாரி இல்லை, ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அரிசி வாங்கிக் கொடுத்து நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாம், போய்ப் படத்தைப் பாரும் என்றார்.

அரிசியும் கொடுத்தார். சனிக்கிழமை தியேட்டர்க் கியூவிலும் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் ரிக்கற் வாங்கிக்கொண்டு நகர, நகர, வலன்ரைன் பின்னால் நின்ற இருவரை முன்னால் விட்டார். சுவாமியார் சொல்லலாம், நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? கவுண்டருக்கு முன்னால் வந்ததும் விலகி வெளியே வந்துவிட்டார். வழக்கமான கல்லுக்குப் போய் வழக்கமான நேரம் இருந்தார்.

அதற்கு அடுத்த கிழமை யோசெப்பினின் கையில் டயலிசிசுக்கு என்று ஒப்பரேசன் செய்து வைத்திருந்த நரம்பு அடைத்துக்கொண்டது. அப்படி ஆகிறது சகஜம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். வலன்ரைனின் காதில் அது ஏறவில்லை. கியூவில் நின்றதுக்கே இது என்று முடிவு கட்டிவிட்டார். இதற்கு மேல் அந்த மனிதரிடம் யார் என்ன சொல்ல முடியும்? சொன்னால் கேட்கிற ஆளா?

கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி ஏறியது. இதயம் பலவீனம் என்றார்கள். கிறிஸ்மஸ் நெருங்கியபோது, இனி மெசினில் போட்டால் தாங்க மாட்டா, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் தணிந்த குரலில் சொன்னார். நேர்த்தியில் ஒரு குறையும் வைக்காத மனிதர், ஆஸ்பத்திரி விறாந்தையில் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றார். லவினாவுக்கு அங்கே விசா புதுப்பிக்கிற அலுவல் முடியாமல் வர வழியில்லை. போனில் அழுதாள். இவர் அவளைத் தேற்றினார். இவரைத் தேற்ற ஆளில்லை.

வருடத்தின் கடைசி நாள் வந்தது. வழக்கத்தை விடக்கூடாது என்று யோசெப்பினே சொல்லிவிட்டாள். தலையணைகளை அடுக்கி அவளை நிமிர்த்தி வைத்தார்கள். நிலாம் வட்டிலாப்பத்தோடு வந்தார். அவருடைய மூன்றும் உண்மையான படங்கள், அவசரமாகச் சொல்லி முடித்தார். வலன்ரைன் தன் மூன்றும் யோசெப்பினுடைய மூன்றும் ஒன்றுதான் என்று தப்பப் பார்த்தார்.

யோசெப்பின் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். மூன்றாவது யானை. இரண்டாவது கேற் மூடுகிறவன், பாட்டை மன்னித்துவிட்டாளாம். முதலாவது கிணறு. நிலாம் முதல் பாதி இழுவை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நல்ல தெரிவு என்றார். பிறகு கடை மூடவேண்டும் என்று பொய் சொல்லி எழும்பிப் போனார்.

வெளியே பிள்ளைகள் பட்டாசு கொளுத்தினார்கள். யோசெப்பின் கண்ணை மூடியிருந்தாள். நித்திரையாக்கும் என்று வலன்ரைன் நினைத்தபோது பேசினாள்.

"நீங்கள் சொன்ன படங்களில ஒண்டிலயும் ஒருத்தரும் சாகேல்லை, என்ன? வருத்தம் வந்த பெம்பிளையள் எல்லாம் எழும்பி நடக்கினம்."

கல்லில் இருந்து கதை கட்டும்போதெல்லாம் வலன்ரைனால் அது ஒன்றுதான் முடியாமல் போனது. ஒரு கதையில் காய்ச்சலில் கிடந்த கிழவியைக்கூட அவர் சாக விடவில்லை.

"பெஞ்சாதி செத்துப்போன ஒரு படம் சொல்லுங்கோ," என்றாள் யோசெப்பின். "அவள் சாகிறதை நீட்டவேண்டாம். அதுக்குப் பிறகு அந்த மனிசன் என்ன செய்யிறான் எண்டு சொல்லுங்கோ. சாப்பாட்டுக்கு என்ன செய்யிறான், சனிக்கிழமையில எங்க போறான். எனக்கு அதுதான் தெரியவேணும்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா, இல்லை படத்தைத்தான் கேட்டாளா என்று வலன்ரைனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. ஒரு கதை சொல்லிப் பார்க்க நினைத்தார். ஒரு ஊரில் ஒரு மனிசன் என்று மனதுக்குள் தொடங்கினார். அந்த மனிசன் விடிய எழும்பி என்ன செய்வான் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தேத்தண்ணி போடுவானா? யாருக்கு?

"அந்தப் படம் இஞ்ச இன்னும் வரேல்ல, யோசெப்பின்," என்றார்.

யோசெப்பின் தடவிப் பார்த்து அவருடைய விரல்களைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"வந்தாப் போய்ப் பாருங்கோ," என்றாள். "எனக்கு வந்து சொல்லவேணும் எண்டில்லை."

வலன்ரைன் அவளுடைய வீங்கிய காலடியில் முகத்தை வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல், அவள் பார்க்கப் பார்க்க அழுதார்.