எமிலியானுஸ் ராசா ஒல்லாந்துக்குப் போன கதை

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில் உள்ள அல்லைப்பிட்டியில் போய் எமிலியானுஸ் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடத் திருப்பிக் கேட்கும்: “ஆர், ராசாவோ?”

ராசா கடலுக்குப் போகிறவர்தான். எல்லாரையும் போல வலை, எல்லாரையும் போல வள்ளம், காற்றுக் குழம்பிய மாதங்களில் எல்லாரையும் போல வெறும் கஞ்சி. ஆனால் கோயில் திருநாள் முடிந்து கொட்டகை போட்டுக் கூத்து ஏறினால் அந்த மனிதர் வேறு மனிதர்! தலையில் கிரீடம், நெஞ்சில் கண்ணாடித் துண்டு பதித்த சட்டை, இடுப்பில் கரப்பு என்கிற பிரம்பு வளையம் வைத்து விரித்த உடுப்பு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மாறினார், மத்தளக்காரர் மாறினார், ராசா மட்டும் மாறவில்லை. அவருடைய குரல் எழும்பினால் கடலைக்காரிகூடச் சுருள் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேசம் கட்டியவர் முதல் தடவை சபைக்கு வந்து ஆடுவதை வரவு என்பார்கள். அந்த நேரம் அவருடைய சொந்தத்தில் ஒருவர் மேடையில் ஏறி மாலை போட்டே ஆகவேண்டும். ராசாவானால் என்ன, சேவகனானால் என்ன, மாலை விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வேசக்காரனுக்கு உலகத்தில் ஆளில்லை என்று அர்த்தம். ஒருமுறை வலைச் சண்டையில் கோபித்துக்கொண்டு குருசுமுத்துவின் ஆட்கள் ஒருவரும் மேடைக்கு வரவில்லை. சேவகன் வேசத்தில் நின்ற குருசுமுத்து பாட்டை நடுவில் விட்டுவிட்டு விக்கி விக்கி அழுதான். கடைசியில் அவனுடைய மாமியார் ஓடிப்போய்த் தன் கழுத்துச் செபமாலையைக் கழற்றிப் போட்ட பிறகுதான் கூத்து நகர்ந்தது.

எமிலியானுஸின் ஒரே மகள் ஜசிந்தா. தகப்பனின் குரலை அப்படியே உரித்து வைத்தவள். வலை காயப்போடும்போது ராசா, ராணி, மந்திரி என்று முழுக் கூத்தையும் தனியே பாடி முடிப்பாள். பெரியபிள்ளையாகும் முன் ஒருநாள், “அப்பா, நானும் ஏறட்டே?” என்று கேட்டாள்.

“பொம்பிளைப்பிள்ளை கொட்டகையில ஏறுறதோ? ராணிக்கு ஆம்பிளையள் இருக்கினம்.”

இருந்தார்கள்தான். மீசையை வழித்துவிட்டு, தொண்டையை ஒடுக்கிப் பாடிக்கொண்டு. ஜசிந்தா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எழுபத்தொன்றில் யாழ்ப்பாணத்தில் கிணறு, தண்ணீர் என்று ஏதோ ஆராய வந்த ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று பிள்ளை பார்க்க அவளை வைத்துக்கொண்டது. திரும்பிப் போகும்போது கூட்டிக்கொண்டும் போனது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். குடும்பத்துக்கு அவள் தேவைப்படவில்லை. ஆனாலும் அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

தாய் சின்னத்தங்கம் செத்தபோது ஜசிந்தா வந்து சேர, அடக்கம் முடிந்திருந்தது. திரும்பிப் போகிற நாள், பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் எமிலியானுஸ் கேட்டார்.

“இப்ப என்ன வேலை, பிள்ளை?”

“நூதனசாலையில அப்பா, பழஞ்சாமான் வைச்சுக் காட்டுற இடம். சின்ன ஊர், ஆனா தெருவுக்குத் தெரு நூதனசாலை. பழைய காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு நிக்கிறது. சனம் வந்து பாக்கும்.”

“அப்ப வேசம் எண்டு சொல்லன்!”

“ஓம்... வேசம்தான்.”

“என்ன வேசம்?”

“அந்த வீட்டில அந்த நாளில இருந்த ஆக்களின்ர வேசம்.”

பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை எமிலியானுஸ் தானே நிரப்பிக்கொண்டார். தன் மகள், அந்தக் குரல், வேறென்ன வேசம் கொடுப்பார்கள்? அடுத்த நாளே கரையில் சொல்லிவிட்டார்: ராணி வேசம்!

“எமிலியண்ணை, வெள்ளைக்காரன் தன்ர ராணிக்கு எங்கட ஜசிந்தாவைத்தான் தேடிப் பிடிச்சவனோ?” என்று குருசுமுத்து இழுத்தான்.

“ஏன், ராணிக்கு வேண்டியது நிறமோ, குரலோ? நீர் சேவகன் கட்டிற ஆள், உமக்கு உது விளங்காது.”

“அது சரி. ராசாவின்ர மகள் ராணிதானே. சேவகன்ர மகளெண்டால் கூட்டுமாறு பிடிப்பாள்.”

கரையே சிரித்தது. எமிலியானுஸும் சிரித்தார்.

எழுபத்தொன்பது ஆடியில் மகள் விமான ரிக்கற் எடுத்து அனுப்பினாள். அயல்வீட்டு இரஞ்சிதம் சிவப்புக் கடதாசியிலும் சரிகைத் தாளிலும் பெரிய மாலை ஒன்று கட்டிக் கொடுத்தாள். வாடாத மாலை. மகளின் வரவுக்கு.

அந்த ஊர் நல்ல வடிவான ஊர், பொய் சொல்லக்கூடாது. வாய்க்கால் ஓரம் ஒடுங்கிய செங்கல் வீடுகள். ஒரு வீட்டில் பழைய கப்பல்கள், ஒரு வீட்டில் பழைய மணிக்கூடுகள், ஒரு வீட்டில் பழைய தராசுகள். ஜசிந்தா லீவு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் காட்டினாள். ஓரிடத்தில் கண்ணாடிக்குள் பழைய கடல் வரைபடம் ஒன்று.

“இதுதான் அப்பா எங்கட தீவு. லைடன் எண்டு இஞ்சத்தை ஊரொண்டின்ர பேரைப் போட்டிருக்கினம்.”

எமிலியானுஸ் மூக்கைக் கண்ணாடியில் முட்டிப் பார்த்தார். “ஆரைக் கேட்டுப் பேர் வைச்சவங்கள்?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை.”

“அது தெரியுது. சரி, உன்ர வரவு எப்ப?”

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மறுமொழி. இன்றைக்குப் பூட்டு. இன்றைக்குச் சனம் கூட, உங்களுக்கு நிற்க ஏலாது. இன்றைக்கு மழை. தெருவில் போகும்போது, பச்சைக் கதவு போட்ட ஒரு பெரிய வீடு வந்தால் அவள் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடப்பாள். எமிலியானுஸ் பெரிதாய்ப் படிக்காதவர்தான், ஆனால் அதுகூடப் புரியாதவரா? அதுதான் கொட்டகை! மகளுக்கு வெட்கம், தகப்பன் முன்னால் ஆடக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் குளித்தார். வேட்டி கட்டி, கோட்டுப் போட்டு, மாலையைக் கடதாசிப் பையில் வைத்துக்கொண்டு பச்சைக் கதவுக்குப் போனார்.

உள்ளே அந்தக் காலத்துக் கப்பல் கப்பித்தான் ஒருவனின் வீடு. கீழைக்கடலுக்குப் போய்ச் சாமான் ஏற்றிப் பணக்காரனானவன். பெரிய அறை, குறுக்கே சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு இந்தப்பக்கம் சனம், அந்தப்பக்கம் சபை. சீமாட்டி வேசத்தில் பட்டு உடுத்த வெள்ளைக்காரி ஒருத்தி உயர்ந்த கதிரையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு படம். அதிலும் அதே மாதிரி ஒரு சீமாட்டி, பக்கத்தில் குடை பிடித்தபடி கறுத்த கிழவன் ஒருவன். எமிலியானுஸ் படத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். மகளின் வரவு இன்னும் வரவில்லை என்று பொறுமையாக நின்றார்.

சீமாட்டி சின்ன மணி ஒன்றை ஆட்டினாள்.

பக்கக் கதவால் ஜசிந்தா வந்தாள். வெறுங்கால். சாக்குப் போன்ற பாவாடை. தலையில் துணி. கழுத்தில் அந்த நாளில் அடிமைகளுக்குப் பூட்டிய பித்தளை வளையம், நாய்க்குப் போடுவது போல. குனிந்தபடி வந்து சீமாட்டியின் காலடியில் முழந்தாளிட்டு, சப்பாத்தை மடியில் தூக்கி வைத்துத் துடைத்தாள். பிறகு கறுவா விசுக்கோத்துத் தட்டை ஏந்திக்கொண்டு கயிற்றடிக்கு வந்தாள். சனம் ஒவ்வொன்றாக எடுத்தது. படம் பிடித்தது. ஒரு மனிசி அவளுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

தட்டு எமிலியானுஸின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. அவள் கண்ணை உயர்த்தினாள்.

அந்த இடத்தில் எந்தத் தகப்பனும் திரும்பிப் போயிருப்பான். போயிருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அவர் கூத்துக்காரர். வரவு வந்துவிட்டது. மாலை விழாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஆளில்லை என்று ஆகிவிடும். இத்தனை வருடம் இவள் மாலையில்லாமல் இந்தச் சபையில் நின்றிருக்கிறாள்! அவர் கயிற்றைத் தாண்டினார்.

“அப்பா, போங்கோ.” அவள் உதடு அசையவில்லை. “வேலை போயிடும்.”

மாலை வளையத்தில் சிக்கியது. அதை விடுவித்து மகளின் கழுத்தில் போட்டுவிட்டு, ஊரில் செய்வது போலக் கைகூப்பினார். பிறகு, நம்ப மாட்டீர்கள், சனம் கை தட்டியது! இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக்குப் பொறுப்பான மனிதர், மூக்குக் கண்ணாடி போட்ட நெட்டையர், இருவரையும் பின் குசினிக்குக் கூப்பிட்டார். கோபமில்லை, முகமெல்லாம் சந்தோசம். எமிலியானுஸைச் சுற்றி வந்து, முன்னாலும் பின்னாலும் பார்த்துப் படபடவென்று கதைத்தார்.

“என்னவாம்?”

“நீங்கள் நல்லாப் பொருந்துறியளாம்.”

“எதுக்கு?”

ஜசிந்தா மாலையைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னாள். “குடை பிடிக்க. படத்தில ஒரு ஆள் நிக்குதெல்லே. அதுக்கு வயசான ஆள் கிடைக்காமல் மரப்பொம்மைதான் வைச்சிருந்தவை. வாற ஞாயிறு ஊர்த் திருநாள். அண்டைக்கு மட்டும் நிப்பியளோ எண்டு கேக்கிறார்.”

“நான் ராசா வேசக்காரன் எண்டு சொல்லு.”

“சொன்னனான்.”

“என்னவாம்?”

“சிரிக்கிறார்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே எமிலியானுஸ் சொன்னார்.

“உடுப்பை அடுக்கு. ஊருக்குப் போவம்.”

“போய்?”

“போய்... என்னெண்டாலும் செய்வம். நான் உழைக்கிறன்தானே.”

“அங்க எனக்கு என்ன வேசம் வைச்சிருக்கிறியள், அப்பா?” அவளுடைய குரல் உயரவே இல்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. “கலியாணம் முடிக்காதவள். ஒல்லாந்தன் வீட்டில கிடந்தவள். கிணத்தடியில கதைக்கிறதை அம்மா செத்த கிழமையே கேட்டனான். மேடையிலயும் நீங்கள் ஏறவிடேல்லை. இஞ்ச ஏத்தினாங்கள். முழந்தாளில எண்டாலும் ஏத்தினாங்கள்.”

எமிலியானுஸ் செருப்பைக் கழற்றினார்.

“ஏன் பிள்ளை எனக்கு முந்தியே சொல்லேல்லை?”

“ராணி எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டியள் எண்டு இரஞ்சிதமக்கா எழுதினவ. பிறகென்னெண்டு சொல்லுறது?”

அவளே மற்றதையும் சொன்னாள். இந்த மாதக் கடைசியில் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. நெட்டையர் கையெழுத்து வைத்தால்தான் இன்னும் தங்கலாம். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போகவேண்டும்.

“குடை பிடிச்சால் வைப்பானோ?”

“அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா, பிடிக்காட்டி மறந்துபோவார்.”

அடுத்த ஞாயிறு பச்சைக் கதவு வீட்டில் சனம் தெருவரை நின்றது. எமிலியானுஸுக்குச் சிவப்புச் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காற்சட்டை, வெறுங்கால். கழுத்து வளையத்தை நெட்டையர் பூட்ட வந்தார். “நீ பூட்டு,” என்றார் மகளிடம். அவள் பூட்டினாள்.

மணி ஆடியது. அவர் சபைக்கு வந்தார்.

கரையில் நின்று சேவகன் வேசத்தை எத்தனை தரம் நக்கல் அடித்திருப்பார்! ஆனால் ஒரு வேசத்தைக் கெடுத்துச் செய்ய அவருடைய உடம்புக்குத் தெரியாது. நிலத்தைக் கேட்டு அனுமதி வாங்குவது போலப் பாதத்தை வைத்தார். முதுகு வில்லாக வளைந்தது. தாடை நெஞ்சுக்குள் போனது. குடை சீமாட்டியின் தலைக்கு மேல் ஒரு நூலும் ஆடாமல் நின்றது. யன்னலால் வெயில் நகர, குடையும் அவள் முகத்தோடு நகர்ந்தது. சுவரில் இருந்த கிழவன் இறங்கி வந்துவிட்டான் என்று சனம் மூச்சை இழுத்தது. பிறகு கை தட்டியது, தட்டியது, விடவேயில்லை. அவருடைய வாழ்நாளில் எந்த ராசாவுக்கும் அப்படித் தட்டியதில்லை.

காலடியில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்த ஜசிந்தாவின் கை நின்றது. இத்தனை வருடம் இந்தச் சபையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

“அப்பா,” என்றாள் மெதுவாக, “இவ்வளவு வடிவாக் குனியாதேங்கோ.”

“பேசாமல் துடை, பிள்ளை,” என்றார் எமிலியானுஸ், தலையை உயர்த்தாமல். “கையெழுத்து வைக்கிறவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்.”