குழாயில் கட்டிய துணி

சேலம் போகும் பஸ், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு நெசவாளர் தெருவில் நிற்கிறது. தெருக்குழாயின் வாயில் ஒரு பெண் வேட்டித் துண்டை இரண்டாக மடித்துக் கட்டிக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறாள். துணியில் புழு நெளிகிறது. அந்தப் பக்கம் வந்த சுகாதார இன்ஸ்பெக்டரின் கண்ணில் புழு படவில்லை, துணிதான் படுகிறது.

"அதை அவுத்துப் போடு. தண்ணி சுத்தமில்லேன்னு பாக்கறவன் நினைக்க மாட்டானா?"

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவருக்குச் சம்பளம் கொடுப்பது தண்ணீரைப் பார்க்கவா, துணியைப் பார்க்கவா?

அவள் துணியை அவிழ்க்கிறாள். வெயிலில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர், "காய்ச்சின தண்ணி இருந்தா ஒரு சொம்பு கொடும்மா" என்கிறார்.

அவள் அதே குழாயில் சொம்பைப் பிடித்து நீட்டுகிறாள். "சுத்தமான தண்ணிதானுங்களே சாமி, குடிங்க."

பஸ் கிளம்புகிறது. தெரு முனை திரும்பும்வரை எட்டிப் பார்க்கிறேன். சொம்பு இன்னும் அவர் வாய்க்குப் போகவில்லை.