மேலே ஏறுகிறவனுக்கே வழி

ஸ்வார்த்லியா மேட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது, ஆனால் மீறினவனை ஊர் மன்னிக்காது. குளிர்காலத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் ஒதுங்கிடத்தில் நின்று காத்திருக்க வேண்டும். ஐஸ் பிடித்த ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றால் நின்றதுதான், மறுபடி கிளப்ப முடியாது. அதனால் ஏறுகிறவன் எக்காரணத்துக்கும் நிற்கமாட்டான், இறங்குகிறவன் எக்காரணத்துக்கும் வழி மறிக்கமாட்டான்.

ஹெர்டிஸ் அந்த மேட்டின் உச்சியில் பதினோரு வருஷம் குடியிருந்தாள். நாற்பத்து மூன்று வயது. தனியாக இருக்கும் கிழவர்களின் வீடுகளுக்குப் போய் மருந்து கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் அவள் வேலை. பனியானாலும் புயலானாலும் ஒரு நாள் தவறியதில்லை. அதற்காகவே அந்த மின்சாரக் காரைப் பழசாக வாங்கினாள். நாலு சக்கரமும் இழுக்கும், ஆணி பதித்த டயர். சத்தமே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கிற ரோட்டில் பூனை நடப்பதுபோல் ஏறிப்போகும்.

அவள் புருஷன் ஒட்கெய்ருக்கு அந்தக் காரைக் கண்டாலே எரிச்சல். "இந்தாடி, உன் தையல் மிஷினை ஓரமா நிறுத்து. ஆம்பளைங்க வண்டி வருது" என்பான். அவனுடையது பழைய டீசல் வேன், பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், டயர் ஆணிகளில் பாதி உதிர்ந்து போயிருந்தது. மாற்றச் சொன்னால் வாயிலேயே போடுவான். வாயில் போடுவான் என்றால் பேச்சுக்குச் சொல்லவில்லை. கையை மடக்கித்தான் போடுவான்.

எங்களுக்கெல்லாம் தெரியும். சாலை சுற்றிச் சுற்றிப் போனாலும் நாலாம் வளைவில் இருக்கும் கிழவர் அல்மாரின் வீடு அவள் வீட்டுக்கு நேர் கீழே, கூப்பிடு தூரம். காற்றில்லாத உறைபனி நாளில் மேலே ஒரு தட்டு உடைந்தால் கீழே கேட்கும். தட்டு மட்டுமா உடைந்தது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய்க்கு மட்டும் இந்த விஷயத்தில் எங்கிருந்தோ ஒரு மூடி வந்து விழுந்துவிடும். அவள் கன்னம் வீங்கி வந்தால், "படியில வழுக்கிட்டியா? இந்த வருஷம் ரொம்பத்தான் வழுக்குது" என்று நாங்களே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிக்கொண்ட மகானுபாவர்களும் உண்டு. தூ!

ஜனவரி மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். காட் மீனும் உருளைக்கிழங்கும் மேசையில் இருந்தது. கிழங்கு சரியாக வேகவில்லை என்று ஒட்கெய்ர் தட்டைச் சுவரில் அடித்தான். அப்புறம் எழுந்து ஹெர்டிஸின் முடியைப் பிடித்தான். பத்து வயது மகள் தீரில் நாற்காலியை விட்டு இறங்கி நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாவ விடு."

புறங்கையால் அறைந்தான். அந்தக் குழந்தையின் கீழுதடு இரண்டாகப் பிளந்தது.

அதுவரை அவன் மகளைத் தொட்டதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஹெர்டிஸ் பதினோரு வருஷத்தை ஓட்டியிருந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. உதட்டுக்குப் பனிக்கட்டி வைத்தாள், சுவரைத் துடைத்தாள், அவன் தூங்கினதும் காருக்கு சார்ஜ் போட்டாள். மறுநாள் காலை அவன் கடலில் இருக்கும் மீன் பண்ணைக்கு வேலைக்குப் போவான், இரண்டு மணிக்குத்தான் திரும்புவான். அதற்குள் மகளோடு மேட்டை விட்டு இறங்கி, போடோ நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். போக வேண்டியது இருநூற்றெண்பது கிலோமீட்டர். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், வழியில் நின்று சார்ஜ் போட்டால் பின்னாலேயே வந்து பிடித்துவிடுவான். இந்தப் பயத்தில் பேட்டரியை நூற்றுக்கு நூறு நிரப்பினாள்.

அங்கேதான் தப்பு செய்தாள். மேட்டில் குடியிருக்கும் யாரும் எண்பதுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். இந்தக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், தானாக இறுக்கிப் பிடித்து வேகம் குறையும். இறக்கத்தில் சுழலும் சக்கரத்தின் சக்தி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது, அந்த இழுப்புதான் பிடி. பேட்டரி நிறைந்திருந்தால் மின்சாரம் எங்கே போகும்? பிடியும் இருக்காது. இது அவளுக்குத் தெரியாததா? புதிதாக மின்கார் வாங்கினவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக் கொடுத்தது. பயம் வந்தால் புத்தி பின்கட்டுக்குப் போய்விடுகிறது, என்ன செய்வது.

மூன்று நாள் பனி கொட்டி, அதன்மேல் ஒரு நாள் மழை பெய்து, இரவோடு இரவாக எல்லாம் உறைந்திருந்தது. காலை பத்து மணிக்கு, சூரியன் இன்னும் எழாத நீல வெளிச்சத்தில், தீரிலைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினாள்.

முதல் வளைவில் காலை எடுத்தாள். கார் பிடிக்கவில்லை.

பிரேக்கை அழுத்தினாள். மிதிக்கட்டை பாதத்தின் அடியில் கடகடவென்று உதறியது. கிளம்பும்போது நாலு சக்கரமும் இழுக்கும், நிற்கும்போது இரண்டு டன் எடையும் கீழே தள்ளும். வால் ஒரு பக்கம் விலகியது. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி நிமிர்த்தினாள். இரண்டாம் வளைவுக்கு வரும்போது வேறு வழியில்லாமல் காரின் வலப்பக்கத்தை ஓரத்துப் பனிச்சுவரில் சாய்த்துத் தேய்த்தாள். பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது, கதவு கிறீச்சென்று அலறியது. ஆனாலும் வேகம் தணிந்தது. ஒதுங்கிடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போனாள்.

அப்போதுதான் கீழே மூன்றாம் வளைவில் இரண்டு மஞ்சள் விளக்குகள் திரும்பின.

"அம்மா," என்றாள் தீரில். "அப்பாவோட வேன்."

கடலில் காற்று அதிகம் என்று பண்ணையில் எல்லாரையும் முன்னாடியே அனுப்பிவிட்டார்கள். ஒட்கெய்ர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். ஒதுங்கு என்று அர்த்தம். அவள் காரைப் பனிச்சுவரில் மறுபடி முட்டித் தேய்த்து, அவனுக்கு இருபது அடி மேலே நிறுத்தினாள். அவள் காரின் பின்சீட்டில் பெட்டிகள் அவனுக்குத் தெரிந்தன. மகளுடைய தலை தெரிந்தது.

ஸ்வார்த்லியாவில் பிறந்த எவனும் செய்யாததை அவன் செய்தான். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினான்.

கதவைத் திறந்து இறங்கினான். கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி.

"எங்கடி கெளம்பிட்ட?"

அவள் கதவுகளைப் பூட்டினாள்.

"எறங்குடி கீழ! எம் பொண்ண எங்க கூட்டிட்டுப் போற? உன்ன கொன்னு இந்த ஓடையிலயே புதைச்சிருவேன்!"

முதல் அடியில், ஓட்டுகிறவர் உட்காரும் இடப்பக்கத்து ஜன்னல் கண்ணாடி வெள்ளையாக விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் மொத்தமாக அவள் மடியில் கொட்டியது. மூன்றாவது அடி தோள்பட்டையில் விழுந்தது. எலும்பில் இரும்பு பட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. கம்பியைப் போட்டுவிட்டு உள்ளே கையை விட்டு முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. கண்ணில் ரத்தம் வழிந்தது. பின்னாலிருந்து தீரில் கத்தினாள்:

"அம்மா, பின்னால போ! பின்னால போம்மா!"

அவள் கியரைப் பின்பக்கம் தட்டி மெல்ல அழுத்தினாள். அவ்வளவுதான். நாலு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. வேறெந்த வண்டியும் அந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து அசைந்திருக்காது. அந்தத் தையல் மிஷின் பின்புறமாகவே ஏறியது. ஒட்கெய்ர் முடியை விடவில்லை. பக்கத்திலேயே ஓடினான், அப்புறம் கால் இடறி இழுபட்டான், நாலைந்து மீட்டர். ஒரு கொத்து முடி வேரோடு கையில் வந்ததும்தான் விழுந்தான்.

அவள் ஒதுங்கிடம் வரை பின்னாலேயே ஏறி, உள்ளே சொருகி நின்றாள்.

"தீரில், உனக்கு அடி பட்டுச்சா?"

"இல்லம்மா. உனக்குத்தான் ரத்தம் வருது."

கீழே அவன் எழுந்தான், விழுந்தான், மறுபடி எழுந்தான். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொள்வது கிழவிகள் வேலை என்பான். தவழ்ந்துதான் வேனுக்குப் போய்ச் சேர்ந்தான். எஞ்சின் உறுமியது. எங்கள் சட்டப்படி ஹெர்டிஸ் ஒதுங்கி நின்று வழி விட்டிருந்தாள். ஆனால் அவன் ஏறினால்தானே? பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று ஐஸை இன்னும் பளபளப்பாக்கின. ஆத்திரத்தில் இன்னும் மிதித்தான். வேன் குறுக்கே திரும்பி, மெதுவாக, அப்புறம் வேகமாகப் பின்னால் சறுக்கி, மூன்றாம் வளைவின் தடுப்பை முறித்துக்கொண்டு ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்தது. தகரம் நசுங்கிய சத்தம் அடங்கியும் எஞ்சின் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது.

இப்போது ரோடு காலி.

அந்த ஒதுங்கிடத்தில் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளத்தில் கிடப்பவனைத் தாண்டிப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எதிரியானாலும் நின்று பார்க்க வேண்டும். ஆனால் நின்றால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி, கட்டு, கஞ்சி. ஆறு மாதம் அவனைக் குளிப்பாட்டிவிடுவாள், ஏழாவது மாதம் அவன் கை சரியாகிவிடும்.

வலது சக்கரங்களை ஓரத்துச் சொரசொரப்பில் வைத்து நடை வேகத்தில் இறங்கினாள். வளைவில் நிறுத்தினாள்.

"நிக்காதம்மா," என்றாள் தீரில்.

"ரெண்டே நிமிஷம், கண்ணு. நீ எறங்கக் கூடாது."

முள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கம்பளியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். வேன் ஒருக்களித்துக் கிடந்தது. அவன் கால்கள் நசுங்கிய தகரத்துக்குள், முகமெல்லாம் ரத்தம். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"வேடிக்க பாக்குறியா? கதவத் தொறடி..." என்றவன், குரல் உடைந்து, "போயிராத ஹெர்டிஸ். சத்தியமா இனிமே கை நீட்டமாட்டேன்" என்றான்.

அவள் கம்பளியை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுப் போர்த்தினாள். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தான். கெஞ்சுகிற பிடியா, அடிக்கிற பிடியா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் அவளுக்கு ஒரே மாதிரிதான் வலித்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மேலே ஏறினாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அடுத்து அல்மாருக்கு ஃபோன் போட்டாள்.

"அல்மார், ஒட்கெய்ர் மூணாவது வளைவுல கவுந்து கெடக்கான். உயிர் இருக்கு. கம்பளி போத்தியிருக்கேன். நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க."

"ஐயோ! இதோ வரேன். நீ அங்கயே இரும்மா, பொண்டாட்டி நீ இல்லாம எப்படி?"

"பதினோரு வருஷம் நான் இருந்தேன். இன்னைக்கு ஒரு மணி நேரம் நீங்க இருங்க."

நாலாம் வளைவில் அல்மார் கோட்டை மாட்டியும் மாட்டாமலும் ரோட்டுக்கு வந்து கையை நீட்டினார். கார் மெதுவாகத்தான் வந்தது. உடைந்த ஜன்னலில் அவள் நெற்றியையும், பின்னால் குழந்தையின் பிளந்த உதட்டையும் பார்த்தார். நீட்டிய கையை இறக்கிவிட்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அவள் நிறுத்தவில்லை.

அவர் பள்ளத்தில் இறங்கியபோது ஒட்கெய்ருக்கு நல்ல நினைவு இருந்தது.

"அல்மார், அவதான் கார வச்சு இடிச்சு என்னத் தள்ளிவிட்டா. நீ உன் வீட்டுல இருந்து பாத்த, புரியுதா? போலீஸ் கேட்டா பாத்தேன்னு சொல்லு. குழந்தைய அவகிட்ட விடக் கூடாது."

அல்மாருக்கு எழுபது வயது. ஜன்னலை மூடிக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தே பதினோரு வருஷம் கழித்தவர். பனியில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவன் கழுத்துவரை கம்பளியை இழுத்துவிட்டார்.

"நான் எதையும் பாக்கல, ஒட்கெய்ர். கேட்டிருக்கேன். ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டுச்சு. போலீஸ் வரட்டும், கேட்டத எல்லாம் சொல்றேன்."