உள்ளே வந்த கப்பல்

கயானாவின் முதல் கச்சா எண்ணெய்ச் சரக்கு வெளிநாட்டுக்குக் கிளம்பியது 2020 ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை. ஜார்ஜ்டவுன் முழுக்க வானொலியில் அதே பேச்சு. அன்று காலைதான் டெமராரா ஆற்று முகத்துவாரத்தில் என் மாமா தியோராஜின் வலையை ஒரு கப்பல் இழுத்துக்கொண்டு போனது. எண்ணெய் கொண்டுபோன கப்பல் அல்ல, எங்களுக்கு டீசல் கொண்டுவந்த கப்பல். கச்சா எண்ணெயை விற்கிறோம்; சுத்திகரிக்க ஆலை இல்லாததால் டீசலை வாங்குகிறோம்.

மாமா இருபத்தாறு வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். படகு தப்பியது. ஆயிரம் பாகம், அதாவது ஆறாயிரம் அடி நீள வலையில் கொடி கட்டிய மூங்கில் மட்டும் மிஞ்சியது. புது வலை வாங்க ஒரு பருவத்து மீன் வேண்டும். மீனுக்கு வலை வேண்டும். அதனால் நஷ்டஈடு கேட்டார்.

துறைமுக அலுவலகத்தில், "எண்ணெய் விஷயமெல்லாம் இப்ப புது ஆபீஸ்ல, அண்ணே" என்றார்கள்.

புது ஆபீஸில் இருந்த பெண் படிவத்தைப் புரட்டினாள். "நாங்க ஏற்றுமதி மட்டும்தான் பாக்குறோம், அங்கிள். உங்க கப்பல் இறக்குமதி."

"கப்பல் என்னோடது இல்லம்மா. வலைதான் என்னோடது."

அவள் சிரிக்கவில்லை. பழைய ஆபீஸுக்கே அனுப்பினாள்.

பல வருஷம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு அந்த வருஷக் கடைசியில் நான் திரும்பியபோது, மாமா படகுத்துறையில் உட்கார்ந்து அடுத்தவர் வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு மனுக்களை நான் எழுதினேன். ஒன்பது மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை.

அவரோடு படகில் போன காம்ப்டன் கிண்டலை விடமாட்டார். "உனக்கு யோகம் இல்லப்பா. வெளிய போற கப்பல்ல மாட்டியிருந்தா இந்நேரம் புது வலை கிடைச்சிருக்கும்."

"அடுத்த தடவை கேப்டன்கிட்ட கேட்டுட்டு வலைய விடறேன். போடா!"

மாமா கத்தரிக்கோலைத் தரையில் எறிந்தார். பிறகு அவரே எழுந்துபோய் எடுத்துவந்தார்.

வலை இல்லாத படகின் மீன்பிடி உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். இரண்டாவது வருஷம் அதுவும் காலாவதியானது. புகார் முடிந்ததும் அதை வாங்கிக்கொள்ளலாம் என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2023 ஆகஸ்டில் துறைமுக அலுவலகத்திலிருந்து என் கைபேசிக்குச் செய்தி வந்தது. "சத்தமாப் படி" என்றார். படித்தேன்.

"தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. புகார்தாரரிடம் நடப்பு மீன்பிடி உரிமம் இல்லாததால், நஷ்டஈடு கோரும் தகுதி அவருக்கு இல்லை. கோப்பு மூடப்படுகிறது."